பக்கவாதம் கண்டவரின் மனம்

பக்கவாதம் கண்டு, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய ஒருவரைப் பார்க்கப் போகிற நாம், கை அசைகிறதா, கால் ஊன்ற முடிகிறதா, வாய்க் கோணல் சரியாயிற்றா, ரத்தக் கொதிப்பு இறங்கிற்றா என்று அடுக்கடுக்காக விசாரித்து, எண்ணெய்க்கும் கிழிக்கும் புறா ரத்தத்துக்கும்கூட யோசனை சொல்லிவிட்டு எழுந்து வருகிறோமேயன்றி, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கும் அம்மனிதருடைய மனம் எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை.

பல தேசங்களில் நடந்த ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்தால், பக்கவாதத்திலிருந்து பிழைத்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரை மனச்சோர்வு பீடிக்கிறது. ‘கை கால் விழுந்தவருக்குத் துக்கம் இல்லாமலா இருக்கும்’ என்று இதை ஒதுக்கிவிடுவது சுலபம். நேற்றுவரை குடும்பத்தைத் தாங்கியவர், வேட்டி கட்டிக்கொள்வதற்கும் பிறர் கையை எதிர்பார்க்க நேரும்போது துக்கம் வருவது இயல்புதான். ஆனால் ரத்தக் குழாய் அடைத்தோ வெடித்தோ சேதமடைந்தது மூளை. கையை அசைப்பதும் அதுவே, உற்சாகத்தையும் ஆசையையும் உண்டாக்குவதும் அதுவே. ஆகையால் இச்சோர்வில் துக்கத்தின் பங்கு எவ்வளவு, காயத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது வைத்தியர்களுக்கே எளிதன்று. எதுவாயினும் அது நோயாளியின் குற்றமன்று.

இதை அறியாத வீடுகளில், பயிற்சிக்கு மறுப்பவர் சோம்பேறி என்றும், சாதத்தைத் தள்ளுபவர் பிடிவாதக்காரர் என்றும் பெயர் வாங்குகிறார்கள். பயிற்சி மிகுந்த பலன் தரக்கூடிய முதல் மாதங்கள் இப்படியே வீணாகக் கழிகின்றன. பேச்சிழந்தவர்களின் நிலை இன்னும் பரிதாபம். அவர்களுடைய வேதனையை உறக்கத்திலும் பசியிலும், பேரக்குழந்தை அருகே வந்தால் முகம் மலர்கிறதா என்பதிலும்தான் நாம் கண்டறிய வேண்டும்.

இந்த மனச்சோர்வுக்குச் சிகிச்சை உண்டு. மருந்தும் உண்டு, பேசிப் பேசியே மனத்தைத் தேற்றும் முறையும் உண்டு. மருந்தை எல்லோருக்கும் பொதுவாகக் கொடுத்துவிடலாகாது. பிரிட்டனில் 3,127 பக்கவாத நோயாளிகளிடம் ஃப்ளூவாக்செடீன் என்னும் மனச்சோர்வு மருந்தைச் சோதித்து 2018-ல் வெளியான ஆராய்ச்சியில், மனச்சோர்வு குறைந்தது, ஆனால் உடல் தேறுவது கூடவில்லை, எலும்பு முறிவுகள் அதிகரித்தன. யாருக்குத் தேவை என்று தீர்மானிப்பது வைத்தியரின் பொறுப்பு. அதற்கு முதலில் யாராவது கேட்டாக வேண்டும்.

2021 ஆகஸ்டில் நம் தமிழ்நாட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறைப் பயிற்சி வீடு தேடியே வருகிறது. கையை நீட்டி மடக்கக் கற்பிக்க வருகிறவர், ‘இந்த இரண்டு வாரமாக மனசு சோர்ந்து கிடக்கிறதா? எதிலாவது நாட்டம் இருக்கிறதா?’ என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டுக் குறித்துக்கொள்ளும்படி அரசாங்கம் ஏற்பாடு செய்ய வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். இன்று மாலையே அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், கேட்டதை டாக்டரிடம் சொல்லுங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.