அவள் பெயரில் ஏறிய பற்று

தந்தையர் தினத்தை ஒட்டி இந்த வாரம் பத்திரிகைகளில் பக்கத்துக்குப் பக்கம் விளம்பரம்: கைக்கடிகாரம், சட்டை, செல்போன், ஆயுள் காப்பீடு. அப்பாவுக்குச் சட்டை வாங்கிக் கொடுப்பதில் தவறில்லை. என் கோபமெல்லாம் விளம்பரங்களுக்கு நடுவே ‘இந்த நாளின் வரலாறு’ என்று அச்சாகிற பெட்டிச் செய்தியின் மீதுதான். 1910-ல் அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில் சோனோரா ஸ்மார்ட் டாட் என்ற பெண் இதைத் தொடங்கி வைத்தார் என்பதோடு அது முடிந்துவிடுகிறது. அவர் தொடங்கியது உண்மை. ஆனால் அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1908 ஜூலை 5 அன்று, மேற்கு வர்ஜீனியாவின் ஃபேர்மான்ட் நகரில் ஒரு மெதடிஸ்ட் தேவாலயத்தில் தந்தையருக்கென்று தனி வழிபாடு நடந்திருக்கிறது. அதைக் கேட்டு நடத்தவைத்தவர் கிரேஸ் கோல்டன் கிளேட்டன். பக்கத்து ஊரான மனோங்காவில் 1907 டிசம்பர் 6 அன்று நிலக்கரிச் சுரங்கம் வெடித்து, அதிகாரபூர்வக் கணக்கின்படியே 362 பேர் செத்திருந்தார்கள். பேரேட்டில் பெயர் இல்லாமல் கூடப் போன உதவியாட்களையும் சிறுவர்களையும் சேர்த்தால் எண்ணிக்கை இன்னும் கூடும் என்பது பொதுவான கருத்து. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் தகப்பனை இழந்தார்கள். கிளேட்டனை உலுக்கியது அந்தப் பிள்ளைகளின் நிலைதான்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் பழைய குறை தெரியும். விபத்துச் செய்தி எதுவானாலும் செத்தவர்களின் எண்ணிக்கையோடும் அறிவிக்கப்பட்ட உதவித்தொகையோடும் முடிந்துபோகிறது. மறுநாள் காலை அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்று யாரும் எழுதுவதில்லை. மனோங்காவுக்கும் அதுவே நடந்தது. 362 என்ற எண் நிலைத்துவிட்டது. தகப்பன்களுக்கு ஒரு நாள் கிடைத்தது, அதுவும் இடம் மாறி வேறு ஊரின் பெயரில். அந்த ஆயிரம் பிள்ளைகளுக்குச் சோறு போட்டவள் யார், எதைக் கொண்டு போட்டாள் என்பதுதான் நான் கேட்க விரும்பும் கேள்வி. தந்தையர் தினத்தை இங்கேயே விட்டுவிடுகிறேன்.

இந்தக் கேள்வியை என் மனதில் ஊன்றியது ஒரு நாவல். எமிலி ஸோலாவின் ‘ஜெர்மினல்’ மீது எனக்குள்ள பற்று இங்கே யாருக்கும் புதிதல்ல. இம்முறையும் அதற்குக் கொஞ்சம் கூடுதல் இடம் கொடுக்கத்தான் வேண்டும். வடபிரான்சின் ஆன்ஸான் சுரங்கப் பகுதியில் 1884-ல் வேலைநிறுத்தம் நடந்தபோது ஸோலா நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதிய புத்தகம் அது. பெரும்பாலோர் அதை எத்தியேன் என்ற இளைஞனின் கதையாக, கிளர்ச்சியின் கதையாகப் படிக்கிறார்கள். நான் அதை மயூ என்ற தொழிலாளியின் மனைவியுடைய கதையாகப் படிக்கிறேன். தொடக்கத்தில் அவள் இரண்டு சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, சுரங்கத்தில் பங்கு வைத்திருக்கும் ஒரு பணக்காரக் குடும்பத்தின் வாசலுக்குப் போகிறாள். கடைக்காரன் கடன் தர மறுத்துவிட்டான். அவளுக்கு வேண்டியது நூறு சூ காசு. அவர்கள் நல்லவர்கள். கம்பளித் துணி கொடுக்கிறார்கள், பிள்ளைகளுக்கு இனிப்பு ரொட்டி கொடுக்கிறார்கள். காசு மட்டும் தரமாட்டார்கள். ஏழைக்குப் பொருளாகத்தான் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. அந்த வீட்டின் செழிப்பு முழுவதும் அவள் கணவன் வெட்டும் கரியிலிருந்து வருகிறது. அவள் கேட்கும் காசு மட்டும் தர்மக் கணக்கில் போய்விடுகிறது.

நாவல் முடிவதற்குள் கணவனைப் பட்டாளம் சுட்டுவிடுகிறது. மூத்த மகன் சுரங்க வெடிப்பில் போகிறான், மகள் சுரங்கத்துக்குள்ளேயே சாகிறாள், இன்னொரு பெண் குழந்தை பட்டினியில் போகிறது. நாற்பது வயதில் அவள் மறுபடி சுரங்கத்தில் இறங்குகிறாள். அனல் தகிக்கும் ஒரு சந்தில் பத்து மணி நேரம் கையால் காற்றாடி சுற்றும் வேலை. கூலி முப்பது சூ. அந்த வேலையைக் கொடுத்ததையே கம்பெனி தன் விசேஷக் கருணையாகச் சொல்லிக்கொள்கிறது. வீட்டில் மிச்சமிருக்கும் சிறுசுகளும் வயது வந்ததும் இறங்கும் என்பது அவளுக்குத் தெரியும். ஸோலா மிகைப்படுத்தினார் என்று அன்றே சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். 1902 அக்டோபர் 5 அன்று பாரிஸில் அவருடைய இறுதி ஊர்வலத்தில் ‘ஜெர்மினல், ஜெர்மினல்’ என்று முழங்கிக்கொண்டு நடந்த சுரங்கத் தொழிலாளர்கள் அப்படி நினைக்கவில்லை.

மிகைப்படுத்தலா என்று பார்க்க நாவலுக்கு வெளியே ஒரு சாட்சி வேண்டும். அதே 1902-ன் இலையுதிர் காலத்தில் அது கிடைக்கிறது. பென்சில்வேனியாவின் கரிச் சுரங்கங்களில் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேர் ஐந்து மாதம் வேலைநிறுத்தம் செய்ததும், குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் ஒரு விசாரணை ஆணையத்தை அமைத்தார். ஸ்கிரான்டன் நகரில் நடந்த அதன் விசாரணையில் தொழிலாளர் தரப்புக்கு வாதாடியவர் கிளாரன்ஸ் டாரோ. ஜெட்டோ என்ற சுரங்க ஊரிலிருந்து வந்த ஒரு விதவை சாட்சி சொன்னார். கணவர் சுரங்கத்தில் செத்துப் பல ஆண்டாகியிருந்தது. கம்பெனி ஒரு காசு தரவில்லை. ஊரார் வீட்டுத் துணி துவைத்தும் தரை துடைத்தும் பிள்ளைகளை வளர்த்தார். மகனுக்கு வேலைக்குப் போகிற வயது வந்ததும் கரி உடைக்கும் ஆலைக்கு அனுப்பினார். பையன் முதல் சம்பளத்துக்குப் போனபோது பணம் வரவில்லை, கணக்குச் சீட்டுதான் வந்தது. கணவர் செத்த நாள் முதல் அந்த வீட்டுக்கு ஏறிய வாடகை, அடுப்பெரித்த கரியின் விலை, எல்லாம் சேர்த்து 396 டாலர் பற்று. அதை அடைக்கப் பத்தாண்டுக்கும் மேல் ஆயிற்று. அதே ஊரைச் சேர்ந்த பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனும் சாட்சிக் கூண்டில் ஏறினான். அவன் தகப்பனும் சுரங்கத்தில் செத்தவர். நாளுக்கு 40 சென்ட் கூலி. ஆனால் கைக்குக் காசு வந்ததில்லை. அவன் சீட்டில் நின்ற பாக்கி 88 டாலர் 17 சென்ட். அவன் கூலியில் அது 220 நாள் உழைப்பு. அந்த விதவையின் கடனை அதே கூலிக்குக் கணக்குப் போட்டால் 990 நாள்.

இந்தச் சீட்டு என்ன சொல்கிறது? விபத்தின் செலவு யார் தலையில் விழுந்தது என்பதைச் சொல்கிறது. கூரையைத் தாங்கும் மரத்தில் மிச்சம் பிடித்தாலும், காற்றோட்டத்துக்குச் செலவழிக்காமல் விட்டாலும், லாபம் கம்பெனியின் வரவில் ஏறுகிறது. அதனால் ஓர் ஆள் செத்தால் நட்டம் அவன் மனைவியின் பற்றில் ஏறுகிறது. அவளால் தீர்க்க முடியாதபோது மகனுக்கு இறங்குகிறது. கரியின் விலையில் சேர்ந்திருக்க வேண்டிய ஒரு செலவை அவள் துணி துவைத்து அடைத்தாள். அக்காலச் சுரங்க ஊர்களின் விதவைத் தாயை எல்லோரும் இரக்கத்துக்குரியவளாக மட்டுமே பார்க்கிறார்கள். அந்தத் தொழிலின் செலவைத் தன் கையிலிருந்து கட்டியவள் அவள் என்பதே என் வாதம்.

அவளுக்கு இருந்த வழிகளைப் பார்த்தாலும் இது விளங்கும். வீடு கம்பெனியுடையது, சுரங்கத்துக்குப் போகிற ஆள் வீட்டில் இருந்தால்தான் பல ஊர்களில் குடியிருக்க விட்டார்கள். கடையும் பெரும்பாலும் கம்பெனியுடையது. ஆகவே ஒன்று, மகனை வயது கூட்டிச் சொல்லி வேலைக்கு அனுப்ப வேண்டும். பென்சில்வேனியாவில் கரி ஆலைக்கு 12 வயது, சுரங்கத்துக்குள் 14 வயது என்று 1885 முதல் சட்டம் இருந்தது. பெற்றவர்களின் உறுதிமொழிச் சீட்டில் வயது தாராளமாகவே கூடியது. சரிந்து வரும் கரிக்கு மேல் பலகையில் குந்திக்கொண்டு கல்லைப் பொறுக்கும் அந்தப் பையன்களுக்கு விரல்நுனி வீங்கி வெடித்து ரத்தம் கசியும். இல்லையென்றால் தனியாட்களை வீட்டில் தங்கவைத்துச் சமைத்துப் போட வேண்டும். விடியுமுன் அடுப்பு மூட்டி, ஒவ்வொருவனுக்கும் தூக்குவாளியில் அடியில் குடிதண்ணீரும் மேல் தட்டில் ரொட்டியும் வைத்து அனுப்பி, கரி அப்பிய துணிகளை வெளுத்து, மாலையில் அத்தனை பேருக்கும் தொட்டியில் வெந்நீர் நிரப்ப வேண்டும். பகல் ஷிப்ட் ஆள் எழுந்த கட்டிலில் இரவு ஷிப்ட் ஆள் படுப்பான். மூன்றாவது வழி மறுமணம். அதுவும் பெரும்பாலும் இன்னொரு சுரங்கத் தொழிலாளியோடுதான். அதே ஆபத்து மறுபடி வீட்டுக்குள் வரும்.

இதற்கு மறுப்பு உண்டு. ஆபத்து தெரிந்துதானே வேலைக்குப் போனான், கூலியில் அதற்கும் சேர்த்துத்தானே கொடுத்தார்கள் என்பது முதல் மறுப்பு. அன்றைய நீதிமன்றங்கள் இதையே சட்டமாக வைத்திருந்தன. தெரிந்தே ஏற்ற ஆபத்து, சக தொழிலாளியின் தவறு, செத்தவனின் சொந்தக் கவனக்குறைவு என்று முதலாளிக்கு மூன்று தற்காப்புகள். ஏதாவது ஒன்றில் விதவையின் வழக்கு விழுந்துவிடும். கணவர் செத்தது தொட்டே வாடகைப் பாக்கி ஏறிக்கொண்டு போனது என்ற ஜெட்டோ கணக்கே இந்த வாதத்துக்குப் பதில். ஆபத்துக்கும் சேர்த்துக் கூலி வந்திருந்தால் வீட்டில் சில மாதமாவது தாக்குப்பிடிக்கச் சேமிப்பு இருந்திருக்கும். கூலியை நிர்ணயித்த பேச்சில் அந்தப் பெண்ணுக்கோ பன்னிரண்டு வயதுப் பையனுக்கோ இடமிருந்ததும் இல்லை.

ஊரும் உலகமும் அள்ளிக் கொடுத்ததே என்பது இரண்டாவது மறுப்பு. கொடுத்தார்கள், மறுக்கவில்லை. 1862 ஜனவரியில் இங்கிலாந்தின் ஹார்ட்லி சுரங்கத்தில் இருந்த ஒரே குழிவாய் அடைபட்டு 204 பேர் செத்தபோது, ஒரு மாதம் முன்புதான் கணவரை இழந்திருந்த விக்டோரியா அரசியே அந்த விதவைகளுக்கு ஆறுதல் சொல்லி அனுப்பினார். நாடு முழுவதும் நிதி திரண்டது. ஆனால் நூற்றுக்கணக்கில் செத்தால்தான் நிதி திரளும். கூரைக்கல் விழுந்து ஒருவன் மட்டும் செத்தால் செய்தியும் இல்லை, நிதியும் இல்லை. சுரங்கச் சாவுகளில் அப்படி ஒவ்வொருவராகப் போனவர்களே அதிகம். 1907-ல் அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்களில் செத்தவர்கள் 3,242 பேர். மனோங்கா அதில் ஒன்பதில் ஒரு பங்குதான். கொடுத்த நிதியும் ஒரு குழுவின் கையில் இருந்தது. மறுமணம் செய்தால் நிற்கும், நடத்தை சரியில்லை என்று குழு நினைத்தால் நிற்கும் என்ற நிபந்தனைகள் பல நிதிகளில் இருந்தன. ஸோலாவின் பங்குதாரர் வீட்டில் கிடைத்த இனிப்பு ரொட்டிக்கும் இதற்கும் தன்மையில் வேற்றுமை இல்லை.

பிரிட்டன் 1897-ல் சட்டம் கொண்டுவந்தது: தொழிலாளி வேலையில் செத்தால், தவறு யாருடையது என்ற வழக்கில்லாமல், மூன்று ஆண்டுக் கூலி, குறைந்தது 150 பவுண்டு, அதிகம் 300 பவுண்டு. 1909 நவம்பரில் இல்லினாய் மாநிலத்தின் செர்ரி சுரங்கத்தில், கோவேறு கழுதைகளுக்குக் கொண்டுபோன வைக்கோலில் தீப்பற்றி 259 பேர் செத்தபோது அங்கே அப்படிச் சட்டம் இல்லை. ஜான் வில்லியம்ஸ் என்பவர் நடுவில் நின்று பிரிட்டிஷ் சட்டத்தை அளவுகோலாக வைத்துப் பேசி, குடும்பத்துக்குச் சராசரியாக 1,800 டாலர் வாங்கிக் கொடுத்தார். 1911-ல் இல்லினாய், 1913-ல் மேற்கு வர்ஜீனியா, 1915-ல் பென்சில்வேனியா என்று இழப்பீட்டுச் சட்டங்கள் வந்தன. இதனால் கரி விலை ஏறும் என்று சுரங்க முதலாளிகளுக்குக் கவலை. ஏறத்தான் வேண்டும். நகரத்தில் குளிர்காய்கிறவர் கொடுக்காத விலையை, செத்தவனின் மனைவி எதற்காகக் கொடுக்க வேண்டும்?

சட்டம் வந்தும் தொகை குறைவு, சாவும் நிற்கவில்லை, பிறகு என்ன பயன் என்றும் கேட்கலாம். தொகை குறைவு என்பது உண்மை. எல்லை தாண்டி இருந்தவளுக்கு அந்தக் கதவே மூடியிருந்தது: பென்சில்வேனியாவில் விபத்தில் செத்த ஓர் இத்தாலியரின் மனைவி, இத்தாலியில் இருக்கிறார் என்ற ஒரே காரணத்தால் நட்ட ஈடு கேட்க முடியாது என்று 1909-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொன்னது. மனோங்காவில் செத்தவர்களிலும் இத்தாலியர் ஏராளம். பலரின் மனைவி மக்கள் மோலீசே, கலாப்ரியா கிராமங்களில் இருந்தார்கள். ஆனாலும் ஒன்று மாறியது. யாரிடமும் நன்னடத்தைச் சான்று காட்டாமல், என் பணம் என்று கேட்கும் உரிமை வந்தது. தொகையைக் கூட்டச் சொல்லிப் போராடலாம். கருணையைக் கூட்டச் சொல்லி யாரிடம் போராடுவது?

மனோங்காவில் கணவரின் உடல் கிடைக்காத ஒரு விதவை, இருபது ஆண்டுக்கும் மேலாகத் தினமும் சுரங்கத்திலிருந்து ஒரு சாக்குக் கரி சுமந்து வந்து வீட்டருகே குன்றாகக் குவித்தார் என்று சொல்வார்கள். எல்லோருக்கும் பிடித்த கதை அதுதான். ஜெட்டோவின் 396 டாலர் சீட்டை யாரும் கதையாகச் சொல்வதில்லை. துயரத்தைப் போற்றுவது நமக்குச் சுலபம், கணக்கைப் பார்ப்பது சங்கடம். நம் நாட்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும், பிரிட்டிஷ் சட்டத்தைப் பின்பற்றி, 1923-ல் வந்தது. நூறு ஆண்டு தாண்டிவிட்டது. அடுத்த முறை ஒரு விபத்துச் செய்தியில் அறிவிக்கப்பட்ட நிவாரணத்தோடு நிறுத்தாமல், சட்டப்படி அவளுக்குச் சேர வேண்டியது எவ்வளவு, அதை முதலாளி கட்டினாரா, அவள் பிள்ளை இப்போது பள்ளியில் இருக்கிறானா வேலையில் இருக்கிறானா என்று நிருபர்கள் கேட்டு எழுத வேண்டும். ஆசிரியர்கள் அதற்கு இடம் ஒதுக்க வேண்டும். இந்தக் கோரிக்கையை இந்தப் பத்தியில் இனியும் எழுதிக்கொண்டேதான் இருப்பேன்.