மாணவரும் துயிலும்

இவ்விழா ஆண்டை முன்னிட்டுப் பழைய மாணவர் சிலர், உயர்தர வகுப்பினர்க்கு விடியற்காலை 5.30 மணிக்குச் சிறப்பு வகுப்புகள் நடத்தப் பொருளுதவி செய்ய முன்வந்துள்ளனர். அன்னாரின் கல்லூரிப் பற்று போற்றற்குரியது. ஆயினும், வகுப்புத் தொடங்கும் நேரத்தை யாம் ஏற்பதற்கில்லை.

முதலாம் பாடவேளையில் தலை சாயும் மாணவனை மடியன் என்று இகழ்ந்து, வாங்கின்மேல் ஏற்றி நிறுத்துதல் ஆசிரிய உலகிற் பழகிவிட்ட வழக்கம். அதற்கு வள்ளுவரைத் துணைக்கழைப்பாரும் உளர். 'மடியின்மை' அதிகாரத்திலே அப்பெருமான் மடியையும் துயிலையும் இருவேறாக எண்ணிவைத்தமையை அவர்கள் கருதுவதில்லை. அங்குக் கடியப்பெற்றது அளவிறந்த துயில் என்பது எம் துணிபு. எம் வகுப்பறைகளில் யாம் காண்பதோ துயிலின் குறை.

பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரையுள்ளோர்க்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் துயில் வேண்டுமென்று அமெரிக்கத் துயில் மருத்துவக் கழகம் 2016ஆம் ஆண்டில் அறிவித்தது. இனி, எம் மாணவன் ஒருவனின் நாளை எண்ணிப் பார்ப்போம். இரவு எட்டு மணிக்குத் தனியார் வகுப்பு முடிகின்றது. வீடு சேர்ந்து, உண்டு, பாடங்களை எழுதிமுடிக்கப் பதினொரு மணியாகின்றது. விடியல் வகுப்பிற்காக 4.30 மணிக்கு எழுகின்றான். ஐந்தரை மணி நேரமே துயின்றவன், ஐந்து நாளிற் குறைந்தது பன்னிரண்டரை மணி நேரக் கடனாளியாகின்றான். கைத்தொலைபேசியைப் பார்த்துக் கிடக்கும் நேரத்தை யாம் இக்கணக்கிற் சேர்த்திலேம்.

"நேரத்தோடு படுத்தால் என்ன?" என்று பெற்றோர் வினவுவர். பருவமெய்தும் வயதிலே உடலினுள் இயங்கும் கடிகாரமே பிந்திவிடுகின்றது. துயிலுக்கு உடலை ஆயத்தஞ் செய்யும் மெலற்றோனின் என்னும் சுரப்பு அவ்வயதினர்க்கு இரவிற் பிந்தியே தொடங்குமென்பதை பிறௌண் பல்கலைக்கழகத்து மேரி காஸ்கடன் அம்மையார் முதலியோர் ஆராய்ந்து காட்டியுள்ளனர். ஒன்பது மணிக்குப் படுக்கையிற் கிடத்தினாலும் அவன் கண் எளிதில் மூடாது. காலையில் அவனை எழுப்பும்போது அவனுடலுக்கு அது நள்ளிரவின் பின்பகுதியே. கனவோடு கூடிய துயில் இரவின் கடைக்கூற்றிலேதான் மிகுதியாக வருவது. விடியல் வகுப்பு அதனையே அறுத்தெறிகின்றது. கற்றதை நினைவில் ஊன்றுவது துயிலாதலின், ஒரு பாடத்தைக் கற்பிக்கும் பொருட்டு முன்னாள் கற்பித்ததை அழிக்கின்றோம்.

இந்நாட்டிலே கடிகாரத்தையே மாற்றிப் பார்த்ததும் உண்டு. 1996ஆம் ஆண்டு மே மாதத்தில் நேரம் ஒரு மணி முன்னகர்த்தப்பட்டு, ஒக்ரோபரில் அரைமணி குறைக்கப்பட்டு, 2006ஆம் ஆண்டு ஏப்பிரலிலேதான் பழைய நிலைக்கு மீண்டது. பிள்ளைகள் இருளிற் பள்ளிக்குப் புறப்பட நேர்ந்ததைப் பெற்றோர் அக்காலத்திற் பெரிதும் முறையிட்டனர். இன்றோ அதே இருளில் விடியல் வகுப்புக்குப் பணங்கொடுத்து அனுப்புகின்றோம்!

முன்னோர் வைகறையில் எழுந்து படிக்கவில்லையா என்பார்க்கு ஒன்று கூறுவோம். மண்ணெண்ணெய் விளக்கை எட்டு மணிக்கே அணைத்துப் படுத்தோர் அவர். நான்கு மணிக்கு எழுந்தபோது எட்டு மணி நேரம் துயின்றிருந்தனர்.

ஒன்பது மணி நேரம் துயின்றும் பகலில் உறங்கி விழும் பிள்ளையின் நிலை வேறு. குறட்டையால் மூச்சுத் தடைப்படுதல், குருதிச்சோகை முதலியன காரணமாகலாம். அவனை மருத்துவரிடம் அனுப்புதல் வகுப்பாசிரியரின் கடமை.

கலிபோர்ணியா மாநிலத்திலே உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30 மணிக்கு முன் தொடங்கலாகாதென்னும் சட்டம் 2022ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. எம் 7.30 மணியை மாற்றும் உரிமை கல்லூரிக்கு இல்லை. விடியல் வகுப்பை விலக்கும் உரிமை உண்டு. அன்பர்கள் அளிக்கும் பொருளில் ஒரு பகுதியை மதிய உணவுக்கு ஒதுக்கி, அவ்வகுப்புகளைப் பிற்பகல் 2.30 மணிக்கு வைக்குமாறு அதிபரையும் சங்கத்தாரையும் வேண்டுகின்றோம். அந்நேரத்தில் ஊதியமின்றிக் கற்பிக்க யாமும் சக ஆசிரியர் சிலரும் ஒருப்பட்டுள்ளோம்.