பேயோ? பித்தோ?

விருதுநகர், சாத்தூர், சிவகாசி ஆகிய ஊர்களைச் சூழ்ந்த கந்தக பூமியிலே, இறந்த கணவன் தன்னைப் பெயர் சொல்லி அழைத்தான் என்று ஒருத்தி கூறுவாளாயின், அவளுக்கு இரண்டு தீர்ப்புகளே காத்திருக்கின்றன. பேய் பிடித்தது என்பர் ஒரு சாரார்; அவர் கோடாங்கியைத் தேடிச் செல்வர். பைத்தியம் என்பர் மற்றொரு சாரார். அவர் அவ்வீட்டோடு பெண் கொடுப்பதையும் எடுப்பதையும் நிறுத்திக்கொள்வர். இவ்விரு தீர்ப்பும் அவசரத் தீர்ப்பு என்பதே எமது துணிபு.

இல்லாத குரலைக் கேட்டலும், இல்லாத உருவைக் காண்டலும் நோயாளர்க்கே உரியன என்று நம்மவர் எண்ணுகின்றனர். உண்மை அஃதன்று. இங்கிலாந்தில் சிஜ்விக் என்னும் பேராசிரியரும் அவர் தோழரும் ஏறத்தாழ 17,000 பேரை வினவி 1894இல் வெளியிட்ட அறிக்கையில், பத்தில் ஒருவர் விழித்திருக்கும்போதே இத்தகைய அனுபவம் எய்தியதாகக் கூறினர். உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் 18 நாடுகளில் 31,261 பேரிடம் நிகழ்ந்து 2015இல் வெளிவந்த ஆராய்ச்சியோ, நூற்றுக்கு அறுவர் அளவில் என்று கணக்கிட்டது. அவருள் மூன்றிலொரு பங்கினர்க்கு அது வாழ்நாளில் ஒரே ஒரு முறை நேர்ந்ததாம். இவர்களெல்லாம் உண்டு, உழைத்து, மக்களை வளர்த்து நம்மிடையே வாழ்பவரே.

இனி, யாருக்கு இது மிகுதியும் நேர்கின்றது? சிறு பிராயத்தில் அடியும் அவமானமும் பட்டோர்க்கு, உறக்கம் இழந்தோர்க்கு, கஞ்சாப் பழகினோர்க்கு, வேலையும் வருவாயும் அற்றோர்க்கு, எல்லாவற்றினும் மேலாக, உற்றாரைப் பறிகொடுத்தோர்க்கு. வேல்சு நாட்டில் ரீஸ் என்னும் மருத்துவர், துணையை இழந்த 293 பேரைக் கண்டு வினவி 1971இல் எழுதியதைப் படித்து யாம் வியந்தோம். அவருள் ஏறக்குறையப் பாதிப் பேர், மறைந்தவர் அருகில் இருப்பதாக உணர்ந்தோ, கண்டோ, கேட்டோ இருந்தனர். பலர் அதனை ஆறுதலாகவே கொண்டனர். ஆயினும் பிறரிடம் வாய்திறவாதிருந்தனர்.

2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் வெடியாலை பற்றியெரிந்து முப்பதின்மர்க்கு மேல் மாண்டனர். 2021 பிப்ரவரி 12ஆம் நாள் அச்சங்குளத்தில் மீண்டும் அழிவு நேர்ந்தது. காலையில் தூக்குவாளியோடு புறப்பட்டவர் மாலையில் அடையாளமும் தெரியாது போன வீடுகள் அங்கே உள. அவ்வீடுகளில் நள்ளிரவிற் கதவு தட்டப்படுவதாகக் கேட்பது வியப்பாகுமோ? ஈட்டுத்தொகையைக் கணக்கிடுவோர் இதனைக் கணக்கிடுவதில்லை.

தமிழ் பயிலும் எமக்கு மற்றொன்றும் தோன்றுகின்றது. உடலற்ற குரலை 'அசரீரி' என்றும், இறைவனையே 'பித்தன்' என்றும் அஞ்சாது வழங்கிய மொழி நம்முடையது. அம்மொழியினர் இன்று ஒரு குரலைக் கேட்டவரைக் கண்டு கதவடைப்பது விந்தையே. லூர்மன் என்னும் அமெரிக்க அம்மையார் சென்னையிலும் அக்கிராவிலும் கலிபோர்னியாவிலும் நோயுற்றார் அறுபதின்மரை வினவியபோது, சென்னையில் பலர் தம் உறவினர் குரலையே கேட்டனர். குளி, சமை என்று வீட்டு வேலை ஏவும் குரல்களும் அவற்றுள் இருந்தன. கலிபோர்னியாவிலோ பெரிதும் வன்முறை பேசும் குரல்களே! கேட்கும் குரலும் நாட்டுக்கேற்ப மாறும் போலும். சிறுவன் சாமுவேல் இரவில் மும்முறை ஓடிவந்தபோது முதியவர் ஏலி அவனை வையவில்லை, கட்டவுமில்லை. பொறுமையோடு கேட்டார் என்பதையும் இங்கு நினைக்கின்றோம்.

இதனால், எல்லாம் தானே அடங்கும் என்று வாளா இருக்க வேண்டும் என்பது எம் கருத்தன்று. குரல் நாள்தோறும் வந்து, தன்னையோ பிறரையோ வருத்துமாறு ஏவி, ஊணும் உறக்கமும் கெடுக்குமாயின் அது நோயே, அதற்கு மருந்து உண்டு, காலந்தாழ்த்தலாகாது. நம் அண்டை மாவட்டத்து ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் பற்றிய தீயிலே, சங்கிலியாற் பிணிக்கப்பட்டமையால் ஓட இயலாது 28 பேர் மாண்டனர். அவர்களை அங்கே கொண்டுவிட்டவர் பகைவர் அல்லர், பெற்றோரும் உடன்பிறந்தாருமே. அவ்வாறு பிணித்தலை 2017ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கியுள்ளது. 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி மனநல ஆலோசனை பெறும் வசதி 2022 முதல் உண்டு.

தேர்வுக் காலத்தில் மூன்றிரவு கண்விழித்துப் படிக்கும் விடுதி நண்பர்க்கும் ஒரு சொல். நான்காம் இரவில் நடைக்கூடத்தில் யாரோ அழைத்ததாகத் தோன்றின், அஞ்சற்க; விளக்கணைத்து உறங்குக. உறங்கி எழுந்த பின்னரும் அவ்வழைப்பு நில்லாதாயின், அறைத்தோழரிடம் அன்றே கூறுக. கேட்கும் தோழர் நகையாதிருப்பாராக.