பி.டி. பருத்தி: லாபம் யாருக்கு, நஷ்டம் யாருக்கு?

மரபணு தொழில்நுட்பம்னாலே 'நல்லதா, கெட்டதா?' என்றுதான் விவாதம் ஓடும். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கு: அது கைவிட்டால் நஷ்டம் யார் தலையில் விழும்? மானாவாரியில் பருத்தி போடும் பெரம்பலூர், அரியலூர் விவசாயிகளுக்கு இது புதுக் கேள்வி இல்லை.

பி.டி. பருத்தி என்றால்?

மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவைச் செடியில் சேர்த்து, காய்ப்புழுவைக் கொல்லும் புரதத்தைச் செடியே தயாரிக்க வைப்பது. இந்தியாவில் 2002-ல் அனுமதி கிடைத்தது. இரண்டு மரபணு கொண்ட 'போல்கார்ட் 2' 2006-ல் வந்தது. ஆரம்பத்தில் காய்ப்புழு மருந்துச் செலவு குறைந்தது உண்மை.

அப்புறம் என்ன ஆச்சு?

இளஞ்சிவப்பு காய்ப்புழு இரண்டு மரபணுவுக்கும் பழகிவிட்டது. அசுவினி, வெள்ளை ஈ போன்ற சாறு உறிஞ்சும் பூச்சிகளை பி.டி. முதலிலிருந்தே தடுக்காது. அதனால் மருந்து அடிப்பது நிற்கவில்லை. 2017-ல் பருத்திக்கு மருந்து அடித்தபோது விஷம் தாக்கி மகாராஷ்டிராவின் யவத்மாலில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு பெரம்பலூரிலும் உயிர்கள் போயின. மருந்து டேங்கைத் தோளில் சுமப்பவர்களில் பலர் தினக்கூலிகள். விதையைத் தேர்ந்தெடுத்தது அவர்கள் இல்லை.

சொந்த விதையை எடுத்து வைக்க முடியாதா?

சட்டம் தடுக்கவில்லை. 2001-ம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் அந்த உரிமையைத் தருது. ஆனால், இங்கே விற்கும் பி.டி. விதை பெரும்பாலும் வீரிய ஒட்டு ரகம். அதில் எடுத்த விதையைப் போட்டால் செடிகள் ஒரே சீராக வராது. ஆக, வருஷா வருஷம் கடைக்குப் போகணும். 2016-லிருந்து மத்திய அரசே உச்சவிலை நிர்ணயிக்கிறது.

பயிர் ஏமாற்றினால்?

அதே சட்டத்தின் 39(2) பிரிவுப்படி, பதிவு செய்த ரகம் சொன்ன விளைச்சலைத் தராவிட்டால் இழப்பீடு கேட்கலாம். ஆனால் முறையிட்டு நிரூபிக்க வேண்டியது விவசாயிதான். விதை பில், காலி பாக்கெட் இரண்டையும் பத்திரமா வைக்கணும்.

இப்போ ஏன் இந்தப் பேச்சு?

2025 மே மாதம், மரபணு திருத்தம் செய்த இரண்டு நெல் ரகங்களை மத்திய அரசு அறிவித்தது. வெளி மரபணு சேர்க்காத இத்தகைய பயிர்களுக்கு 2022-லேயே கடுமையான விதிகளிலிருந்து விலக்கு கொடுத்தாச்சு. இவை அரசு நிறுவனங்களே உருவாக்கியவை என்பது நல்ல விஷயம். ஆனால் எவ்வளவு விளையும் என்று சொல்லும் மேடையிலேயே, விளையாவிட்டால் யார் பொறுப்பு என்பதையும் சொல்லிடணும். பெரம்பலூர் பருத்திக் காட்டுக்கு அந்தப் பதில் முன்கூட்டியே கிடைக்கவில்லை.