போர்டுக்கு முன் பின் அட்டவணை

பெங்களூரின் ஜீவனஹள்ளியில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் ஒரு மாணவர், எஸ்.பி. ரோட்டில் இஎஸ்பி32 போர்டு வாங்கி ஜிபிஎஸ் கருவியை இணைக்கப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஜிபிஎஸ் தரவு வந்துசேர யூஆர்ட் என்ற தொடர்த் தகவல் வாயில் வேண்டும்; சிப்பில் அப்படி மூன்று யூஆர்ட்கள் உண்டு. ஆனால் யூஆர்ட்1-க்கு முதலில் ஒதுக்கப்பட்ட 9, 10 பின்களைப் பல மாட்யூல்களில் ஃபிளாஷ் நினைவகம் எடுத்துக்கொள்கிறது. சிப்புக்குள் இருக்கும் ஜிபிஐஓ மேட்ரிக்ஸ், ரயில்வே யார்டில் தண்டவாளம் மாற்றுவதுபோல, அந்தத் தடத்தை வேறு பின்னுக்குத் திருப்பிவிடும். அதற்கும் வரம்பு உண்டு: 34 முதல் 39 வரையுள்ள பின்கள் தரவை வாங்கும், அனுப்பாது.

ஆர்டுயினோ ஊனோவில் இந்தத் தலைவலி இல்லை. ஒரே யூஆர்ட், மாறாத 0, 1 பின்கள். அதோடு பாடத்தை முடித்துக்கொள்வதுதான் தவறு. டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஏஎம்335எக்ஸ் ப்ராசஸரில் யூஆர்ட்கள் ஆறு. ஒரு பின்னுக்கு எட்டு வேடங்கள் வரை. அதில் இயங்கும் பீகிள்போன் பிளாக்கில் எச்டிஎம்ஐ வேண்டுமென்றால் யூஆர்ட்5-ஐ விட்டுக்கொடுக்க வேண்டும். தவறான பின்னுக்குக் கம்பி இழுத்த போர்டை எந்த மென்பொருளும் முழுதாகக் காப்பாற்றாது. எந்தப் பின்னுக்கு எந்த வேலை என்று பின் அட்டவணை எழுதாமல் சர்க்யூட் வரையும் மாணவருக்கு ஆய்வகத்தில் மதிப்பெண் தரக்கூடாது.