கம்பெனி வரவில்லை, காசு வருமா?

"மூணு தடவை கூப்பிட்டாச்சு. வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் கோர்ட்டுப் பக்கமே வரலை. அப்ப கேஸு நமக்குத்தானே அண்ணே?" தோட்டத்துக் கூட்டம் முடிந்ததும் பால்மரம் வெட்டும் சகோதரர் ஒருவர் இப்படிக் கேட்டார். நியாயமான கேள்வி.

கேஸு நமக்குத்தான். சம்மன் முறைப்படி கிடைத்தும் எதிராளி வராவிட்டால், அவர் இல்லாமலே கோர்ட்டு நமக்குத் தீர்ப்புக் கொடுக்கலாம். பிறகு அவர் வந்து தகுந்த காரணம் சொல்லி ரத்து செய்யக் கேட்கவும் வழியுண்டு.

ஆனால் தோழர்களே, தீர்ப்பு வேறு, காசு வேறு. தீர்ப்புக் காகிதத்தைக் காட்டிக் கடையில் அரிசி வாங்க முடியுமா? கம்பெனியின் நிலமோ, பங்கோ, பேங்குக் கணக்கோ இங்கே இருந்தால் கோர்ட்டு அதில் கை வைக்கும். எல்லாவற்றையும் விற்றுவிட்டுக் கிளம்பியவனை அவன் நாட்டுக்கே போய்த்தான் துரத்த வேண்டும். பிரிட்டன், சிங்கப்பூர் போன்ற சில நாடுகளில் நம் தீர்ப்பைப் பதிவு செய்யக் கேட்கலாம். அமெரிக்கா என்றால் அங்கே தனியாக வழக்குப் போட வேண்டும்.

போபாலைப் பாருங்கள். 1984 டிசம்பர் 2 இரவு யூனியன் கார்பைடு ஆலையில் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கான ஏழைகள் மாண்டார்கள். நஷ்டஈட்டு வழக்கு 1989-இல் 47 கோடி டாலரோடு முடிந்தது. குற்ற வழக்கிலோ அமெரிக்கத் தாய்க் கம்பெனியும் அதன் தலைவராக இருந்த வாரன் ஆண்டர்சனும் சம்மனை மதிக்கவேயில்லை. 1992-இல் போபால் கோர்ட்டு அவர்களைத் தலைமறைவு என்று அறிவித்து, இந்தியக் கம்பெனியில் தாய்க் கம்பெனிக்கு இருந்த பங்குகளை முடக்கியது. 1994-இல் உச்ச நீதிமன்ற அனுமதியோடு அந்தப் பங்குகள் விற்கப்பட்டன. அந்தப் பணத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆஸ்பத்திரி எழுந்தது. சம்மனுக்கு அசையாதவனைச் சொத்து அசைத்தது! ஆனால் பங்கு போனதும் பிடியும் போனது. ஆண்டர்சன் 2014-இல் அமெரிக்காவில் இறந்தார். விசாரணைக்கு வந்து நிற்கவே இல்லை.

ஆகவே, வழக்குப் போடும் அன்றே வக்கீலிடம் கேளுங்கள்: "கம்பெனி பேரில இங்க என்ன இருக்கு?" தோட்டம் கைமாறப் போகிறது என்று ஆபீசில் பேச்சு அடிபட்டால், மறுநாளே சங்கத்துக்குத் தெரிவியுங்கள். சொத்தை விற்கவோ நகர்த்தவோ கூடாதென்று தடையுத்தரவு கேட்க சட்டத்தில் இடமிருக்கிறது.

மாடு தொழுவத்தில் இருக்கும்போதே கயிற்றைக் கட்ட வேண்டும். காடேறிய பிறகு கயிற்றை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?