புதிய காற்று யாருக்கு வேண்டும்?

புது இயக்குநர் வந்தாலும் புது கலெக்டர் வந்தாலும், இப்போதெல்லாம் தமிழில் 'புதிய காற்றைச் சுவாசித்தது போல இருக்கிறது' என்று எழுதிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் இருப்பதை அப்படியே தூக்கி வைத்தது இது. 'பெட்டிக்கு வெளியே யோசியுங்கள்' என்பதும் இதே கடைச் சரக்குதான். எந்தப் பெட்டி, அதற்குள் நம்மை அடைத்தது யார் என்று யாரும் கேட்பதில்லை.

அப்பாவின் வேலையால் நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சுக்காரர்களும் 'பூஃபே தேர் ஃப்ரே' என்று இதையேதான் சொல்வார்கள். அவர்களுக்கு அது பொருத்தம். குளிருக்குப் பயந்து மாதக்கணக்கில் ஜன்னலைச் சாத்தி, உள்ளே கரியை எரித்துக்கொண்டு கிடந்த தேசங்கள் அவை. ஜன்னலைத் திறந்தால் உயிர் வரும். திருநெல்வேலியில் சித்திரை மாத மத்தியானம் ஜன்னலைத் திறந்து பாருங்கள், மூஞ்சியில் அனல் அடிக்கும். ஆடியிலோ அம்மியே பறக்கும். இது போக, 'காத்து பட்டிருக்கு' என்று சொன்னால் எங்கள் ஊர்க் கிழவிகள் வேப்பிலையும் திருநீறுமாக வந்து நிற்பார்கள்!

தென்றல் நம்முடையது இல்லையா என்பீர்கள். நம்முடையதுதான். அப்படியானால் தென்றல் என்றே சொல்லுங்களேன். பேருள்ள காற்றை விட்டுவிட்டுப் பேரில்லாத காற்று எதற்கு?

நமக்குப் புதுமை தண்ணீரில் வருவது. ஜூனில் பொதிகையில் மழை பிடித்தால் குற்றாலத்தில் சாரல். பாபநாசம் அணையைக் கார் சாகுபடிக்குத் திறந்தால், கோடகன் கால்வாயிலும் பாளையங்கால்வாயிலும் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு புதுத்தண்ணி வரும். வைகையில் வந்த புதுப்புனலைப் பரிபாடல் கொண்டாடியதும் இந்தச் சந்தோஷத்தைத்தான்.

என் பேத்தி ஒரு கட்டுரையில், புது டீச்சர் வந்தது 'வாய்க்காலில் புதுத்தண்ணி வந்த மாதிரி' இருந்தது என்று எழுதியிருந்தாள். அதைச் சிவப்பு மையால் அடித்து, 'புதிய காற்றைச் சுவாசித்தது போல' என்று திருத்திக் கொடுத்திருந்தார்கள். பிள்ளை கண்ணால் கண்டது தப்பாம், காணாத தேசத்து ஜன்னல் சரியாம். அடுத்த தடவை அவள் தான் கண்டதை எழுதுவாளா? என் கோபமெல்லாம் இதற்குத்தான்.

மொழிகள் கொடுத்து வாங்கும் என்பது எனக்கும் தெரியும். பஸ் வந்தது, பஸ் என்ற சொல்லும் கூடவே வந்தது. அது இல்லாததைக் கொண்டுவந்தது. இது இருப்பதை விரட்டிவிட்டு வந்து உட்காருகிறது.

புதுமைக்குத் தமிழில் சொல் பஞ்சமா என்ன? 'விருந்து' என்ற சொல்லுக்கே பழைய பொருள் புதுமை. புதிதாகச் செய்யும் செய்யுளுக்குத் தொல்காப்பியர் அந்தப் பேரையே வைத்து, எட்டு வனப்புகளில் ஒன்றாகச் சேர்த்தார். வீட்டுக்குப் புதிதாக வந்தவர் விருந்தினர். அவருக்குப் போட்ட சாப்பாட்டுக்கும் பிறகு அந்தப் பேரே நிலைத்துவிட்டது. 'கண்ணுக்கு விருந்து' என்று நாம் சொல்லும்போது அந்தப் பழைய பொருளும் எங்கோ உள்ளே இருக்கத்தான் செய்கிறது.

ஆசிரியப் பெருமக்களே, பத்திரிகைத் தம்பிகளே! சாரல், புதுத்தண்ணி, துளிர், விருந்து. இத்தனையும் வீட்டிலேயே இருக்கின்றன. பிள்ளைகள் அவற்றை எடுத்து எழுதினால், தயவுசெய்து அடிக்காதீர்கள்.